கண்ணாடிக்குள் ஒரு குளம்

ஆசிரியப் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், அறிவியல் பாடத்திற்காக நான் கரும்பலகையில் அடிக்கடி வரைந்த படம் ஒன்று உண்டு. நீள்சதுரமாக ஒரு கண்ணாடித் தொட்டி; அதனுள் ஒரு மீன்; மீனுக்குப் பக்கத்தில் நாடா போன்ற இலைகளையுடைய ஒரு நீர்ச்செடி. மீனிலிருந்து செடிக்கு ஓர் அம்புக்குறி இட்டு, அதன்மேல் 'கரிவளி' என்று எழுதுவேன். செடியிலிருந்து மீனுக்கு இன்னோர் அம்புக்குறி இட்டு, அதன்மேல் 'உயிர்வளி' என்று எழுதுவேன். ஒன்றின் கழிவு மற்றொன்றின் வாழ்வு. ஆதலால் இத்தொட்டி தன்னைத் தானே காத்துக்கொள்ளும் என்று சொல்லிப் பாடத்தை முடிப்பேன். மாணவர்கள் அப்படியே எழுதிக்கொள்வர். தேர்வில் அவ்விடைக்கு முழு மதிப்பெண்ணும் உண்டு.

சொன்னதைச் செய்து காட்ட வேண்டும் என்ற ஆர்வத்தில் ஓர் ஆண்டு நாங்கள் உண்மையாகவே ஒரு தொட்டியை அமைத்தோம். சுண்ணாம்புக் குன்றின் அடிவாரத்தில் பொறுக்கிய வெண்கற்கள், ஆற்றோரம் ஒதுங்கிக் கிடந்த மரக்கட்டை ஒன்று, ஓடையில் பெயர்த்த செடிகள், காட்டோர நீரோடையில் பெரிய மாணவர்கள் பிடித்துத் தந்த சிறுமீன்கள் பதினைந்து. எல்லாவற்றையும் ஒரே பிற்பகலில் தொட்டிக்குள் இட்டு, நீரையும் நிரப்பிவிட்டோம். மறுநாள் கட்டையிலிருந்து சாயம் இறங்கித் தண்ணீர் தேநீர் நிறம் கொண்டது. செடிகளின் இலைகள் கூழாகிக் கரைந்தன. இரண்டாம் வாரத்தில் மீன்கள் ஒவ்வொன்றாக மேலே மிதந்தன. அவற்றைப் பள்ளித் தோட்டத்தில் புதைத்துவிட்டு வந்தபோது, நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் என்னிடம், "ஐயா, அந்த அம்புக்குறி தப்பாப் போச்சா?" என்று கேட்டான். அவனுக்கு என்னால் அன்று விடை சொல்ல முடியவில்லை. அவ்விடையைத் தேடப் போய்த்தான் இந்த வரலாறு என் கைக்குக் கிட்டியது.

மீனை அழகுக்காக வளர்க்கும் கலையில் மூத்தவர்கள் சீனர்கள். சோங் மரபினர் ஆண்ட காலத்தில், அதாவது 960-க்கும் 1279-க்கும் இடையில், பொன்னிற மீன்கள் குளங்களில் பேணி வளர்க்கப்பட்டன. மிங் மரபினர் காலத்தில் (1368–1644) அவை வீட்டு முற்றத்துப் பீங்கான் தொட்டிகளுக்கும் வந்து சேர்ந்தன. பீங்கான் ஒளி புகாதது. ஆகவே மீனை மேலிருந்துதான் பார்க்க முடியும். பொன்மீன் வகைகள் பலவற்றின் விரிந்த வாலும் அகன்ற உடலும் மேலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு உகந்தனவாய்த் தேர்ந்து வளர்க்கப்பட்டவை. அப்படிப் பார்ப்பவருக்கு அடியில் கிடக்கும் கல்லும் கொடியும் ஒரு பொருட்டல்ல. பக்கவாட்டில் நின்று நீருக்குள் நோக்கும் வாய்ப்பைக் கண்ணாடி தந்த பின்னரே, கல்லுக்கும் கட்டைக்கும் செடிக்கும் தொட்டியில் ஓர் இடம் ஏற்பட்டது. அந்த மாற்றத்திற்கு இன்னும் நூற்றாண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

கண்ணாடி மட்டும் இருந்தால் போதாது. மூடிய இடத்தில் உயிர் எப்படித் தங்குகிறது என்ற அறிவும் வேண்டும். 1771-இல் ஆங்கிலேயரான ஜோசப் பிரீஸ்ட்லி, மெழுகுவத்தி எரிந்து அணைந்த காற்றை ஒரு கலத்தில் அடைத்து, அதனுள் புதினாத் தளிர் ஒன்றை வைத்தார். சில நாள் சென்ற பின் அதே காற்றில் மெழுகுவத்தி மீண்டும் எரிந்தது. 1779-இல் யான் இங்கென்ஹவுஸ் என்னும் டச்சு மருத்துவர் இலைகளை நீருக்குள் அமிழ்த்தி வெயிலில் வைத்துப் பார்த்தார். இலைகளின் மேல் குமிழிகள் அரும்பின. நிழலுக்கு மாற்றியதும் நின்றன. செடியின் பச்சைப் பகுதியே, அதுவும் ஒளியில்தான், காற்றைத் தூய்மை செய்கிறது என்று அவர் நிறுவினார். இருட்டில் செடியும் காற்றைக் கெடுக்கிறது என்பதையும் அதே நூலில் எழுதி வைத்தார். அவர் சொன்னதன் முற்பகுதியை உலகம் பற்றிக்கொண்டது. பிற்பகுதியை எளிதில் மறந்துவிட்டது. கரும்பலகையில் படம் வரைந்த நானும் அப்படி மறந்தவர்களுள் ஒருவன்.

அடுத்து வருபவர் நத்தானியேல் பாக்ஷா வார்டு. இவர் இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த மருத்துவர். செடிகொடிகளின்பால் தீராத காதலுடையவர். நிலக்கரிப் புகை சூழ்ந்த அப்பகுதியில் அவர் நட்ட பெரணிச் செடிகள் யாவும் கருகின. 1829-இல் விட்டிற்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை வளர்த்துப் பார்ப்பதற்காக, ஈரமண் இட்ட கண்ணாடிப் புட்டியில் அதனை வைத்து மூடினார். பூச்சியின் கதி என்னவாயினும், அந்த மண்ணிலிருந்து ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்தெழுந்தன. பகலில் எழுந்த ஆவி கண்ணாடியில் படிந்து மீண்டும் மண்ணுக்கே சொட்டியது. நீர் ஊற்றாமலே அவை ஏறத்தாழ நான்காண்டுகள் வாழ்ந்தன. அவை மடிந்த விதமும் குறிப்பிடத்தக்கது. வார்டு வெளியூர் சென்றிருந்தபோது புட்டியின் மூடி துருப்பிடித்து, மழைநீர் மிகுதியாக உட்புகுந்துவிட்டதாம்.

மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் செடி வாழும் என்பது புலனானதும் வார்டு அதனைப் பெரிதாக்கினார். 1833-இல் இரண்டு பெட்டிகளில் பெரணிகளையும் புற்களையும் அடைத்துக் கப்பலில் சிட்னிக்கு அனுப்பினார். திங்கள் பல கடந்து, உப்புக்காற்றையும் வெயிலையும் தாண்டி, அவை உயிரோடு கரை சேர்ந்தன. அதுகாறும் நெடுங்கடல் கடந்த செடிகளுள் பெரும்பாலானவை வழியிலேயே பட்டுப்போயின. 'வார்டியப் பெட்டி' என்று பெயர்பெற்ற இக்கண்ணாடிப் பெட்டி உலகின் தாவர வணிகத்தையே மாற்றியது. சீனத்துத் தேயிலைக் கன்றுகள் இந்தியாவுக்குச் சென்றது இதில்தான்.

இவ்விடத்தில் நம் சொந்தக் கதை குறுக்கிடுகிறது. 1876-இல் ஹென்றி விக்காம் என்பவர் அமேசான் காட்டிலிருந்து இரப்பர் விதைகளை இலண்டன் கியூ தாவரப் பூங்காவிற்குக் கொண்டு சேர்த்தார். ஏறத்தாழ 70,000 விதைகளில் சிறு பங்கே முளைத்தது. அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் 1,919 கன்றுகள் 38 வார்டியப் பெட்டிகளில் இலங்கைக்குக் கப்பலேறின. அடுத்த ஆண்டு, 1877-இல், 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் 9 கன்றுகள் கோலகங்சாரில் நடப்பட்டன. பின்னர் ரிட்லி காட்டிய பால்வெட்டும் முறையும், மோட்டார் வண்டிச் சக்கரத்தின் பசியும் சேர்ந்து இந்நாட்டின் காடுகளைத் தோட்டங்களாக்கிய வரலாற்றையும், அத்தோட்டங்களுக்காக நம் முன்னோர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய வரலாற்றையும் ஆசிரியர்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. பள்ளி மேசைமீது நிற்கும் மீன்தொட்டியும் இந்த இரப்பர்ப் பெட்டியும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பதை அறிந்தபோது, தொட்டியை நான் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது.

அந்த உறவு எப்படி என்பதையும் சொல்ல வேண்டும். வார்டு தம் பெட்டிகளில் நிலச்செடிகளோடு நிற்கவில்லை. 1840-களில் நீர்ச்செடிகளையும் மீன்களையும் சேர்த்து வளர்த்துப் பார்த்தார். ஆனால் அதனை முறையான ஆய்வாகச் செய்து எழுதியவர் ராபர்ட் வாரிங்டன் என்னும் இலண்டன் வேதியியலார். அவர் 1849-இல் தொடங்கிய சோதனையின் முடிவை 1850-இல் வேதியியற் கழகத்தின்முன் படித்தார். ஒரு பெரிய கண்ணாடிக் கலம். அடியில் மணலும் சேறும். அவற்றின்மேல் சுண்ணக்கல்லும் மணற்கல்லுமாகச் சில பெருங்கற்கள். மீன்கள் விரும்பினால் ஒதுங்கிக்கொள்ளும்படி கற்களுக்கடியில் இடைவெளி விடப்பட்டிருந்தது. அதில் வாலிஸ்னேரியா என்னும் நாடாச்செடி ஒன்றையும் இரண்டு சிறு பொன்மீன்களையும் விட்டார். இன்று நாம் கற்களை அடுக்கி அமைக்கும் நன்னீர்த் தொட்டிகள் யாவற்றுக்கும் இதனை முன்னோடி எனலாம்.

சில காலம் எல்லாம் நன்றாகவே நடந்தது. பின்னர்ச் செடியின் பழைய இலைகள் அழுகத் தொடங்கின. கண்ணாடியிலும் கல்லிலும் பச்சைப் பாசி படர்ந்தது, தண்ணீர் கலங்கியது, மீன்களின் உயிர் ஊசலாடியது. அந்நிலையில் வாரிங்டன் செய்த காரியந்தான் அவரைப் பெரியவராக்குகிறது. இயற்கைக் குளங்களில் இவ்வழுகலை யார் அகற்றுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார். ஐந்தாறு குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து தொட்டியில் இட்டார். நத்தைகள் அழுகிய இலைகளையும் பாசியையும் மேய்ந்தன, நீர் தெளிந்தது. நத்தைகள் இட்ட முட்டைகள் மீன்களுக்கு உணவாயின. ஆக, முதன்முதலில் அமைந்த சமநிலைத் தொட்டியிலேயே மீனும் செடியும் ஆகிய இருவர் போதவில்லை. மூன்றாவது உயிர் ஒன்று வேண்டியிருந்தது. எனினும் பாடநூல்களின் படங்களில் காலப்போக்கில் அம்மூன்றாவது உயிர் உதிர்ந்துவிட்டது. நத்தை அழகான பிராணி அன்று என்பது காரணமாக இருக்கலாம்!

வாரிங்டனுக்கு வாய்த்த காலமும் நல்ல காலம். இங்கிலாந்தில் கண்ணாடிக்கு விதிக்கப்பட்டிருந்த வரி 1845-இல் நீக்கப்பட்டதால், பெரிய கண்ணாடிப் பலகைகள் நடுத்தரக் குடும்பத்தாருக்கும் எட்டும் விலைக்கு வந்தன. 1853-இல் இலண்டன் விலங்கியல் தோட்டத்தில் மீன்களுக்கென்றே ஒரு மாளிகை திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் பிலிப் ஹென்றி காஸ் என்னும் இயற்கையியலார் 'அக்குவேரியம்' என்ற பெயரில் கடல்வாழ் உயிர்களைப் பற்றி வண்ணப் படங்களோடு ஒரு நூல் வெளியிட்டார். அந்நூலின் வழியே அச்சொல்லும் அவ்வழக்கமும் வீட்டுக்கு வீடு பரவின. மக்கள் வாளியும் வலையும் ஏந்திக் கடற்கரைக்கு ஓடினர். பாறைக் குழிகளில் பூத்துக் கிடந்த கடற்சாமந்திகளும் சிப்பிகளும் சில ஆண்டுகளிலேயே வெறிதாயின. தந்தையின் நூலே அந்த அழிவுக்கு வழிகாட்டியாயிற்று என்பதை அவர் மகன் எட்மண்ட் காஸ் 1907-இல் வெளிவந்த தம் நூலில் துயரத்தோடு பதிவு செய்துள்ளார். இச்செய்தி பின்னால் நமக்கு மீண்டும் தேவைப்படும்.

வாரிங்டன் கையில் வாழ்ந்த தொட்டி மற்றவர் கையில் வாழவில்லை. 1860-களின் இறுதிக்குள் அம்மோகம் தணிந்துவிட்டது. வாங்கியவர்களுள் மிகப் பலர் நாறிப்போன தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கண்ணாடித் தொட்டியில் பெரணி வளர்க்கத் தொடங்கினர். எங்கள் பள்ளித் தொட்டிக்கு நேர்ந்ததே அவற்றுக்கும் நேர்ந்தது. ஏன் நேர்ந்தது என்று அக்காலத்தில் எவராலும் சொல்ல முடியவில்லை. விடை மீன் வளர்ப்பவர்களிடமிருந்து வரவில்லை; சாக்கடை நீரை ஆராய்ந்தவர்களிடமிருந்து வந்தது. 1877-இல் ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்ற இரு பிரெஞ்சு அறிஞர்கள், மணலும் சுண்ணக்கல் தூளும் நிரப்பிய நீண்ட குழாய் வழியே கழிவு நீரைச் சொட்டுச் சொட்டாக வடியவிட்டனர். முதலில் எந்த மாற்றமும் இல்லை. ஏறத்தாழ இருபது நாள்கள் சென்றபின், கழிவிலிருந்த அம்மோனியா மறைந்து நைட்ரேட்டு தோன்றலாயிற்று. குளோரோபாம் ஆவியைச் செலுத்தியதும் அம்மாற்றம் நின்றுபோனது. மயக்க மருந்துக்கு அடங்குவது உயிர்ப்பொருளாகத்தானே இருக்க வேண்டும்! மணலில் குடியேறிய நுண்ணுயிர்களே அவ்வேலையைச் செய்கின்றன என்று அவர்கள் முடிவு கட்டினர். 1890-இல் உருசிய அறிஞர் வினோகிராட்ஸ்கி அந்நுண்ணுயிர்களைத் தனியே பிரித்தெடுத்துக் காட்டினார்.

அந்த 'இருபது நாள்' என்ற எண்ணை முதன்முதலாகப் படித்தபோது என் மனம் பள்ளித் தோட்டத்துக்குச் சென்றது. எங்கள் மீன்கள் இரண்டாம் வாரத்தில் மடிந்தவை. மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய உணவிலிருந்தும் அம்மோனியா பிறக்கிறது, அது நஞ்சு. அதனை முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் புதுத் தொட்டியில் பெருகுவதற்குச் சில வாரங்கள் ஆகும். நாங்கள் ஒருநாள்கூடப் பொறுக்கவில்லை. போதாக்குறைக்கு வெண்கற்களை வேறு இட்டிருந்தோம். சுண்ணக்கல் மெல்லக் கரைந்து நீரைக் காரமாக்கும். நீர் காரமாக ஆக அம்மோனியாவின் நஞ்சும் ஏறும். வாரிங்டனும் சுண்ணக்கல் இட்டாரே என்றால், அவர் வளர்த்தது கடின நீரையும் தாங்கும் பொன்மீன். நாங்கள் பிடித்து வந்ததோ காட்டோடையின் மென்மையான அமில நீரில் பிறந்த மீன். கல் ஒன்றுதான், மீன்தான் வேறு.

இருபதாம் நூற்றாண்டில் மின்சாரம் தொட்டிக்குள் நுழைந்தது. காற்றுக் குழாய், வெப்பமூட்டி, 1938 முதல் விற்பனைக்கு வந்த ஒளிர்குழல் விளக்கு ஆகியவை சேர்ந்து, சன்னலோரத்தில் இருந்த தொட்டியைக் கூடத்தின் நடுவுக்குக் கொண்டுவந்தன. நெதர்லாந்தில் 1930-இல் அமைந்த ஆர்வலர் கூட்டமைப்பு ஒன்று செடிகளுக்கே முதலிடம் தரும் ஒருவகைத் தோட்டக்கலையைத் தொட்டிக்குள் வளர்த்தது. உயரத்தாலும் நிறத்தாலும் வேறுபட்ட செடிகளைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, ஒரு பாத்தி முன்னிருந்து பின்னோக்கிச் சரிந்து செல்லும் தெருவைப் போல் தோன்றச் செய்வது அவர்கள் முறை. கல்லும் கட்டையும் அங்கே பின்னணிக்கு மேல் உரிமை கோரா. 1949-இல் நியூயார்க் நகர மீன் காட்சியகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஆட்ஸ் என்பார், 'சமநிலைத் தொட்டி' என்பதே ஒரு கட்டுக்கதை என்று எழுதினார். தொட்டி நீருக்கும் வெளிக்காற்றுக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல் பெரிதும் நீரின் மேற்பரப்பில்தான் நடக்கிறது. இரவில் செடியும் உயிர்வளியை உண்கிறது. ஆகவே மீனையும் செடியையும் மட்டும் கணக்கிட்டுப் பயனில்லை என்பது அவர் வாதம். இங்கென்ஹவுஸ் 1779-இல் சொன்னதற்கு 170 ஆண்டுகள் கழித்துச் செவி கிடைத்தது. அதற்குப் பின்னும் பல்லாண்டுகள் பாடநூல்களில் இரண்டு அம்புக்குறிகளே ஆட்சி செய்தன.

கல்லையும் கட்டையையும் தொட்டியின் நடுநாயகமாக்கியவர் ஜப்பானியரான தக்காஷி அமானோ. 1954-இல் நீகாத்தா மாவட்டத்தில் பிறந்த இவர், தொழிலால் மிதிவண்டிப் பந்தய வீரர்; நிழற்படக் கலைஞர். பந்தயத்தில் ஈட்டிய பொருளைக் கொண்டு மழைக்காடுகளுக்குச் சென்று படம் எடுத்தவர். 1982-இல் நீர்ச்செடித் தொட்டிகளுக்கென ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். ஜப்பானியத் தோட்டக்கலையில் கல் நாட்டுதல் பழைய கலை; பதினோராம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் 'சக்குதெய்கி' என்னும் தோட்டக்கலை நூல் கல் நாட்டுவதைப் பற்றிய பேச்சோடுதான் தொடங்குகிறது. அம்மரபை அமானோ நீருக்குள் கொண்டுசென்றார். கற்களை ஒற்றைப்படை எண்ணிக்கையில் எடுத்துக்கொள்வர். உயர்ந்து சாய்ந்து நிற்பது தலைக்கல். அதனைத் தழுவி நிற்பது துணைக்கல். சிறியவை பிள்ளைகளைப் போல் சிதறிக் கிடக்கும். எல்லாக் கற்களும் ஒரே வகைப் பாறையினவாக இருக்க வேண்டும். அவற்றின் வரிகள் ஒரே திசையில் ஓட வேண்டும். ஏனெனில் ஓர் ஆற்றின் போக்கில் கிடக்கும் பாறைகள் அப்படித்தான் இருக்கும். தலைக்கல்லைத் தொட்டியின் நட்டநடுவில் நாட்டுவதில்லை; சற்றே ஒருபுறம் தள்ளி நாட்டுவர். நம் பிள்ளைகள் மூன்று கற்களைக் கொடுத்தால் அடுப்புக்கூட்டுவது போல வைப்பார்கள். அதைத் திருத்துவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அமானோவின் பங்கு அழகோடு முடியவில்லை. வலிய விளக்கொளி தந்து, நீரில் கரிவளியைச் சிறிது சிறிதாகக் கரையச் செய்து, செடிகளை அடர்த்தியாக வளர்த்தார். பாசியை மேய்வதற்கு அவர் 1980-களில் பழக்கத்திற்குக் கொண்டுவந்த சிற்றிறால் இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. வாரிங்டனுக்கு நத்தை, அமானோவுக்கு இறால். நீர்மேல் மிதக்கும் இயல்புடைய ரிச்சியா என்னும் பாசிச்செடியைக் கல்லோடு கட்டி நீருக்குள் நிறுத்தினார். நண்பகல் ஒளியில் அதன் நுனிதோறும் உயிர்வளிக் குமிழிகள் முத்து முத்தாகப் பூத்து நின்ற படங்கள் 1992-இல் வெளிவந்த அவர் நூலின் வழியே உலகெங்கும் பரவின. இங்கென்ஹவுஸ் கண்ட அதே குமிழிகள்! 2015-இல் லிஸ்பன் நகரக் கடற்காட்சியகத்தில் 40 மீட்டர் நீளமும் 160,000 லிட்டர் நீரும் கொண்ட தொட்டி ஒன்றை அமைத்துத் தந்த அமானோ, அவ்வாண்டு ஆகஸ்டில் மறைந்தார்.

இவ்வளவு தூரம் இலண்டனையும் நீகாத்தாவையும் சுற்றி வந்த நாம் இனி நம் ஓடைக்குத் திரும்பலாம். உலகத் தொட்டிகளின் செடிகளுள் பெயர்பெற்ற கிரிப்டோகோரைன் இனத்தின் தாயகங்களுள் நம் தீபகற்பமும் ஒன்று. 1845-இல் மலாக்காவில் மறைந்த வில்லியம் கிரிஃபித் என்னும் தாவரவியலார் இங்குள்ள சேற்று ஓடைகளில் இச்செடிகளைத் திரட்டியவர். அவற்றுள் ஒன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. நீரின் தன்மை மாறினால் இச்செடியின் இலைகள் ஒரே வாரத்தில் கரைந்துவிடும், கிழங்கு சாகாது, பொறுத்திருந்தால் புது இலை விடும். எங்கள் முதல் தொட்டியில் இலை கரைந்ததும் செடி செத்ததென்று பிடுங்கி எறிந்தவன் நான். 1904-இல் ஜெர்மானியரான ஜார்ஜ் டங்கர் அறிவியற் பெயர் சூட்டிய ஹார்லெக்குயின் ரஸ்போரா என்னும் சிறுமீனும் இங்குள்ளதே. செம்பு நிற உடலில் கருநிற முக்கோணம் ஒன்றைத் தாங்கிய அம்மீன், தலைகீழாகத் திரும்பி, கிரிப்டோகோரைன் போன்ற செடிகளின் இலைக்கு அடிப்புறத்தில் முட்டையை ஒட்டி வைக்கும். அந்த இலைக்கும் அந்த மீனுக்கும் உள்ள உறவு எந்தத் தொட்டிக்காரரும் ஏற்படுத்தியதன்று.

கல்லையும் கட்டையையும் வேரால் பற்றிக்கொண்டு வளரும் ஜாவாப் பெரணியும் நம் மலையோடைகளில் உண்டு. மேலைநாட்டுக் கடைகளில், நீரில் இட்டால் தானே அமிழும் கரிய கனமான கட்டைக்கு 'மலேசியக் கட்டை' என்றே பெயர். அதிலிருந்து இறங்கும் தேநீர்ச் சாயத்தை அழுக்கென்று எண்ணினேன் அன்று. அது மரத்தின் துவர்ப்புச் சத்து. கரிச்சேற்றுக் காடுகளின் ஓடைகள் யாவும் அந்த நிறந்தான். இலையும் வேரும் ஊறி ஊறி அமிலத்தன்மை மிகுந்த அக்கருநீரில்தான் நம் அழகிய சிறுமீன்களுள் பல பிறக்கின்றன. ஆக, கட்டை செய்த வேலை மீனுக்கு உகந்த வேலை. கெடுத்தது நாங்கள் அழகென்று இட்ட வெண்கல்.

சிங்கப்பூரில் 1955-இல் திறக்கப்பட்டு 1996-இல் மூடப்பட்ட வான் கிளீஃப் மீன் காட்சியகத்தை முதியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். அழகு மீன் ஏற்றுமதியில் அந்நகரம் உலகின் முன்வரிசைக்கு வந்த கதை தனியே எழுதத்தக்கது. நான் இங்குச் சொல்ல விரும்புவது வேறு. போர்னியோத் தீவின் அருவிப் பாறைகளில் மட்டுமே வாழும் பூசெஃபலாந்திரா என்னும் சிறுசெடிக்கு 1858-இல் ஷாட் என்னும் ஆஸ்திரியர் பெயரிட்டார். நூற்றைம்பது ஆண்டுகளாக அதனைத் தாவரவியலாரன்றி எவரும் பொருட்படுத்தவில்லை. தொட்டிக்கு உகந்ததென்று தெரிந்ததும் வணிகர்கள் பாறை பாறையாகச் சுரண்டி எடுக்கலாயினர். 2014-இல் சரவாக்கைக் களமாகக் கொண்ட பீட்டர் பாய்ஸும் வோங் சின் யெங்கும் இருபதுக்கு மேற்பட்ட புதிய இனங்களை விவரித்து எழுதினர். அவற்றுள் சில ஓர் ஆற்றில் மட்டுமே வாழ்பவை. ஓர் ஆற்றில் மட்டும் வாழும் செடியைச் சுரண்டுவதற்கு ஒரு வாரம் போதும். காஸ் காலத்துக் கடற்கரையை மேலே குறிப்பிட்டது இதற்காகத்தான்.

1999-இல் அமெரிக்காவைச் சேர்ந்த டயானா வால்ஸ்டட் என்னும் அம்மையார் செடித் தொட்டியின் சூழலியலைப் பற்றி ஒரு நூல் எழுதினார். தோட்டத்து மண்ணை அடியில் பரப்பி, மேலே மெல்லிய மணலிட்டு, சன்னல் ஒளியும் எளிய விளக்கும் தந்து, கரிவளிப் புட்டி இல்லாமலே தொட்டியை வாழச் செய்யலாம் என்பது அவர் கொள்கை. வாரிங்டனின் சேறும் மணலும் ஒரு சுற்றுச் சுற்றி மீண்டும் வந்துவிட்டன. தமிழ்ப்பள்ளியின் வரவு செலவுக்கு ஏற்ற முறையும் இதுவே என்று எனக்குத் தோன்றியது.

எங்கள் பள்ளியில் இப்போது இருக்கும் தொட்டி அம்முறையில் அமைந்தது. இம்முறை ஆற்றுக் கற்களை மாணவர்களே சோதித்தனர். ஒவ்வொரு கல்லின்மீதும் ஒரு சொட்டுப் புளிக்காடி விட்டுப் பார்த்து, நுரை பொங்கிய கல்லை ஒதுக்கினர். கட்டையை ஒரு மாத காலம் வாளியில் ஊறவைத்து, நீரை நாளும் மாற்றினோம். செடிகளை ஓடையில் பெயர்க்காமல், வளர்த்து விற்பவரிடம் வாங்கினோம். மண்ணிட்டு, மணலிட்டு, கற்களை நாட்டி, கட்டையில் பெரணியை நூலால் கட்டி, நீர் நிரப்பிய பின் ஐந்து வாரங்கள் மீன் விடவில்லை. பெற்றோர்கள் வந்து, "என்ன ஐயா, மீன் இல்லாத மீன்தொட்டி?" என்று சிரித்தனர். நான்காவது வாரத்தில் யாரும் விடாத நத்தைக் குஞ்சு ஒன்று கண்ணாடியில் ஊர்ந்தது. செடியோடு வந்திருக்க வேண்டும். அதனைக் கண்ட சிறுமி வகுப்பறை வகுப்பறையாக ஓடிச் செய்தி சொன்னாள். ஆறாம் வாரத்தில் ஆறு மீன்களை விட்டோம்.

கரும்பலகைப் படமும் சற்று மாறியிருக்கிறது. நத்தை சேர்ந்திருக்கிறது, மணலுக்குள் நுண்ணுயிர்கள் புள்ளிகளாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன, நீரின் மேற்பரப்பிலும் அம்புக்குறிகள் உண்டு, செடிக்கு இரவுக்கென்று தனி அம்பு உண்டு. தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு தாள் ஒட்டப்பட்டுள்ளது. வார்டின் புட்டி எப்படிக் கெட்டது என்ற கதையைக் கேட்ட மாணவர்கள் எழுதிக் கொண்டுவந்த தாள் அது. ஆண்டிறுதி விடுமுறையில் எந்தக் கிழமை யார் வந்து நீரில் கால்பங்கை மாற்றுவது என்ற பெயர்ப்பட்டியல். மூன்றாவது வாரத்திற்கு நேராக என் பெயரை எழுதியிருக்கிறார்கள்.